குக்கிப் பட்டியலில் தெரியாத பெயர்கள் கிடந்தால் கணினியில் உளவுமென்பொருள் இருக்கிறதா?

மல்லாவியிலிருந்து ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. பேத்தி உயர்தரப் பாடங்களுக்காக அதைப் பாவிக்கிறார். ஐயா செய்தி வாசிக்கவும் வெளிநாட்டிலுள்ள மகனுடன் பேசவும் பாவிக்கிறார். அண்மையில் குரோம் உலாவியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது, வீட்டில் எவரும் ஒருநாளும் போகாத நூற்றுக்கணக்கான தளங்களின் பெயரில் குக்கிகள் கிடந்திருக்கின்றன. இலவசமாக இறக்கிய ஒரு துப்புரவு மென்பொருள் அவற்றையெல்லாம் சிவப்பு எழுத்தில் அச்சுறுத்தல்கள் என்று எண்ணிக் காட்டி, நீக்குவதற்குப் பணம் கேட்டிருக்கிறது. கணினி திருத்தும் இடத்தில் காட்டியபோது, "ஆரோ வேவு பாக்கினம், முழுக்க ஃபோமற் அடிக்க வேணும்" என்று சொன்னார்களாம். உண்மையில் கணினிக்குள் உளவுமென்பொருள் இருக்கிறதா என்று கேட்கிறார்.

ஐயா, குக்கிப் பட்டியலில் தெரியாத பெயர்கள் கிடப்பது மட்டும் உளவுமென்பொருளுக்குச் சான்றாகாது. நூறு பெயர் இருந்தாலும் ஆகாது, ஆயிரம் இருந்தாலும் ஆகாது. உங்கள் கணினியில் உளவுமென்பொருள் இருக்கவும் கூடும், இல்லாமல் இருக்கவும் கூடும். ஆனால் அதை அந்தப் பட்டியலை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு, அவற்றைக் கீழே சொல்கிறேன். அதுவரை கணினியை ஃபோமற் செய்ய, அதாவது உள்ளிருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக்க, கொடுக்க வேண்டாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு விசுவமடுப் பக்கத்தில் ஒரு குடும்பம் இதே பயத்தோடு தங்கள் கணினியைத் திருத்தக் கொடுத்தது. 2009இல் வீட்டுடன் சேர்ந்து படப்பெட்டியையும் இழந்த குடும்பம் அது. உறவினர்களிடமும் வெளிநாட்டிலிருந்தவர்களிடமும் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு படமாகச் சேர்த்து, ஸ்கான் செய்து அந்தக் கணினியின் இரண்டாவது பகுதியில் வைத்திருந்தார்கள். மூத்த மகனின் முகம் தெளிவாகத் தெரியும் ஒரே படமும் அதற்குள்தான் இருந்தது. திருத்தியவர் வன்தட்டு முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். மீட்பு மென்பொருள்களைக் கொண்டு இரண்டு நாள் முயன்று சிலவற்றை எடுத்தேன். அந்தப் படம் வரவில்லை. அந்தக் கணினியில் என்ன பிரச்சினை இருந்தது என்று விசாரித்தபோது அவர்கள் சொன்ன ஒரே அறிகுறி, ஒரு மென்பொருள் காட்டிய குக்கிப் பட்டியல்தான்.

குக்கி என்பது என்ன என்பதை விளங்கிக்கொண்டால் பயத்தின் பெரும்பகுதி விலகிவிடும். இணையத்தளத்துக்கு ஞாபகம் கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், இரண்டையும் கேட்டவர் ஒரே ஆள்தான் என்பது தளத்தை நடத்தும் கணினிக்குத் தானாகத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொண்டுலி என்பவர் ஏற்படுத்திய வழிதான் குக்கி. தளம் ஒரு சிறு எழுத்துத் துண்டை உங்கள் உலாவியிடம் கொடுக்கிறது. உலாவி அதை வைத்திருந்து, அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது திருப்பிக் காட்டுகிறது.

நம்முடைய ஆஸ்பத்திரிகளில் கிளினிக் கொப்பி கொடுப்பார்கள் அல்லவா, ஏறத்தாழ அதைப் போன்றதே இது. கொப்பியில் எழுதுவது ஆஸ்பத்திரி, பத்திரமாக வைத்திருப்பது நோயாளி, அடுத்த தவணைக்குப் போகும்போது காட்ட வேண்டும். கொப்பியே நோயாகாது, அது தானாக எழுந்து நடந்து வீட்டிலுள்ள அலுமாரியைத் துழாவுவதும் இல்லை. குக்கியும் அப்படித்தான். அது ஒரு நிரல் அல்ல, இயங்காது, உங்கள் கோப்புகளைத் திறக்காது, நீங்கள் தட்டும் எழுத்துகளைப் பார்க்காது. பெரும்பாலும் 4096 பைற்றுக்குள் அடங்கும் வெறும் எழுத்து. கொடுத்த தளம் தவிர வேறொரு தளம் அதைக் கேட்டாலும் உலாவி காட்டாது.

அப்படியானால் போகாத தளங்களின் கொப்பிகள் எப்படி வீட்டுக்கு வந்தன என்பதே உங்கள் கேள்வியின் உயிர்நாடி. இன்றைய இணையப் பக்கம் ஓரிடத்திலிருந்து வருவதில்லை. நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது செய்தி அந்தத் தளத்திலிருந்து வருகிறது. பக்கத்திலுள்ள விளம்பரம் விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. நடுவிலுள்ள காணொளி யூடியூபிலிருந்தும், விருப்பம் தெரிவிக்கும் பொத்தான் பேஸ்புக்கிலிருந்தும் வரலாம். எத்தனை பேர் வாசித்தார்கள் என்று எண்ணும் கருவி வேறோர் இடத்திலிருந்து வரும். பக்கத்துக்குத் துண்டு கொடுத்த ஒவ்வொருவரும் தன் பெயரில் ஒரு குக்கியை வைத்துவிட்டுப் போகலாம். இவற்றை மூன்றாந்தரப்புக் குக்கிகள் என்பார்கள். இதற்கு மேல், ஒரு விளம்பர இடத்துக்குப் பல நிறுவனங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் கேட்கின்றன. அந்த நிறுவனங்கள் தங்களுக்குள் உங்கள் அடையாள எண்ணை ஒப்பிட்டுக்கொள்வதற்காகவும் உலாவியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடுகின்றன. ஆகவே ஒரேயொரு செய்தியை வாசித்து முடிப்பதற்குள் முப்பது, நாற்பது பெயர்கள் பட்டியலில் ஏறிவிடுவது சாதாரண விடயம்.

உங்கள் பட்டியலில் டபிள்கிளிக் என்ற பெயர் இருந்தால் அது கூகிளின் விளம்பரப் பிரிவு. அந்த நிறுவனத்தை 2008இல் கூகிள் வாங்கி முடித்தது. டெம்டெக்ஸ் என்பது அடோபியினுடையது. ஏடிஎன்எக்ஸ்எஸ் என்று வாசிக்க முடியாத எழுத்துக் கூட்டம் ஒன்று இருந்தால், அதுவும் ஒரு விளம்பர ஏல நிறுவனத்தின் முகவரிதான். வெளியே பலகை மாட்டி வியாபாரம் செய்யாத நிறுவனங்கள் என்பதால் இந்தப் பெயர்கள் நமக்கு அந்நியமாக ஒலிக்கின்றன. வேறு வழிகளாலும் பெயர்கள் ஏறும். முகவரிப் பட்டையில் நீங்கள் தட்டத் தொடங்கும்போதே, போகக்கூடிய பக்கத்தை ஊகித்து குரோம் முன்கூட்டியே திறந்து வைப்பதுண்டு. அந்தப் பக்கமும் குக்கி வைக்கலாம். வட்ஸ்அப்பில் வந்த சுருக்கப்பட்ட இணைப்பை அழுத்தினால், சேருமிடத்துக்கு முன்பு இரண்டு மூன்று இடங்களைத் தொட்டுச் செல்லும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். சில வீடுகளில் இந்தப் பட்டியலில் சூதாட்டத் தளத்தின் பெயரையோ ஆபாசத் தளத்தின் பெயரையோ பார்த்த பெற்றோர் பிள்ளையை அடித்திருக்கிறார்கள், கணினியைப் பறித்துப் பூட்டியிருக்கிறார்கள். இலவசமாகப் படம் காட்டும் தளங்களிலும், கடந்தகால வினாத்தாள்களை இறக்கத் தருவதாகச் சொல்லும் சில தளங்களிலும் எங்கே அழுத்தினாலும் பின்னால் இன்னொரு சாளரம் திறந்து மூடும். அதில் வருவது பெரும்பாலும் இத்தகைய விளம்பரங்களே. பிள்ளை வினாத்தாளைத் தேடியிருப்பார். பட்டியலிலோ வேறொரு பெயர் கிடக்கும். குக்கிப் பட்டியல் ஒருவர் எங்கே போனார் என்பதற்குச் சாட்சி சொல்லத் தகுதியற்றது. உங்கள் பேத்தியிடம் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எதையும் கேட்டுவிட வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

குக்கி என்றால் உளவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அட்-அவேர், ஸ்பைபொட் போன்ற உளவுமென்பொருள் எதிர்ப்புக் கருவிகள் பரவின. அவை உண்மையான தீநிரல்களை, அதாவது வைரஸ் போன்ற கெடுதல் செய்யும் நிரல்களை, தேடியதோடு, பின்தொடரும் குக்கிகளையும் அதே பட்டியலில் காட்டின. தனியுரிமையை விரும்புகிறவருக்கு அது பயனுள்ள தகவல்தான். ஆனால் திரையில் "கண்டுபிடிக்கப்பட்டவை" என்று பெரிய எண் தோன்றும்போது, அவற்றில் எத்தனை வெறும் குக்கி, எத்தனை உண்மையான தீநிரல் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த எண்ணைக் காட்டினால் பணம் வரும் என்பதைக் கண்டுகொண்ட போலித் துப்புரவு மென்பொருள்கள் பின்னர் பெருகின. உங்களிடம் பணம் கேட்டது அந்த வகையைச் சேர்ந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. குக்கிகளை நீக்குவதற்கு எவருக்கும் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. உலாவியிலேயே அதற்கு வழி இருக்கிறது. அந்த மென்பொருளை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

வன்னியில் உளவு, வேவு என்ற சொற்கள் வெறும் தொழினுட்பச் சொற்களாகக் காதில் விழுவதில்லை என்பதையும் நான் அறிவேன். யார் பார்க்கிறார்கள், யார் எழுதிக்கொள்கிறார்கள் என்று எண்ணி எண்ணி வாழ்ந்த மனிதருக்கு, உன் கணினியில் வேவு இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் இரவில் நித்திரை வராது. அதனால்தான் இரண்டையும் பிரித்துச் சொல்வது அவசியமாகிறது. விளம்பர நிறுவனங்கள் குக்கி மூலம் நம்மைப் பின்தொடர்வது உண்மை. ஒரே விளம்பர நிறுவனம் இருபது தளங்களில் ஒரு மூலையைப் பிடித்து வைத்திருந்தால், இன்ன எண்ணுடைய உலாவி இந்த இருபது இடங்களுக்கும் போய் வந்தது என்று அதற்குத் தெரியும். இது தனியுரிமைப் பிரச்சினை, எனக்கும் பிடிக்காத காரியம். சஃபாரி உலாவி 2020 முதல் இத்தகைய குக்கிகளை முற்றாக மறிக்கிறது. பயர்பொக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிச் சாடியில் அடைத்துவிடுகிறது. தானும் கைவிடுவதாக 2020இல் அறிவித்த குரோம், 2024இல் அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது. ஆனாலும் அமைப்புகளில் மூன்றாந்தரப்புக் குக்கிகள் என்ற பகுதிக்குப் போய் நீங்களே மறித்துக்கொள்ளலாம்; அப்படி மறித்தால் ஒன்றிரண்டு தளங்கள் சரியாக இயங்காமல் போகலாம், அவ்வளவுதான். இந்தப் பின்தொடரலில் யாரும் உங்கள் ஒலிவாங்கியைத் திறக்கவில்லை, உங்கள் ஆவணங்களை வாசிக்கவில்லை, கடவுச்சொல்லை எடுக்கவில்லை. உளவுமென்பொருள் என்பது உங்கள் கணினியில் நிறுவப்பட்டு இயங்கும் ஒரு நிரல். அது இவற்றையெல்லாம் செய்யக்கூடியது.

குக்கிப் பட்டியல் ஓரளவு துப்புக் கொடுக்கும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பக்கங்களுக்குள் தன் விளம்பரங்களைத் திணிக்கும் விளம்பரமென்பொருளோ தீய நீட்சியோ (நீட்சி என்பது உலாவியோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) உலாவியில் இருந்தால், அதனாலும் புதிய பெயர்கள் ஏறும். அதைச் சோதிப்பது எளிது. முதலில் எல்லா நீட்சிகளையும் நிறுத்திவிட்டு, எல்லாக் குக்கிகளையும் அழித்து, உலாவியை மூடித் திறவுங்கள். விளம்பரம் இல்லாத ஒரு தளத்தை மட்டும் திறந்துவிட்டுப் பட்டியலைப் பாருங்கள். கூகிளின் பெயர் இருக்கும், அது குரோமின் தொடக்கப் பக்கத்தால் வருவது. பிறகு நீட்சிகளை ஒவ்வொன்றாக இயக்கி அதையே திரும்பச் செய்யுங்கள். குறிப்பிட்ட ஒரு நீட்சியை இயக்கியவுடன் விளம்பர நிறுவனப் பெயர்கள் வரிசையாக ஏறினால் அந்த நீட்சியை நீக்கிவிடுங்கள்.

குக்கிகளை அழிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. அழித்தவுடன் ஜிமெயில், பேஸ்புக் எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள், திரும்ப உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டும். நம் பக்கத்தில் பலருடைய மின்னஞ்சல் கணக்கைக் கொமினிகேசன் கடையில் இருந்த பிள்ளைதான் திறந்து கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும், மீட்பு இலக்கமும் அவருடைய கைத்தொலைபேசியாக இருக்கும். ஆகவே முதலில் கடவுச்சொல் தெரிகிறதா என்று உறுதிசெய்து, மீட்பு இலக்கத்தை உங்கள் இலக்கமாக மாற்றிவிட்டு, அதன்பிறகு அழியுங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டிய இடங்களுக்கு வருகிறேன். குரோமின் நீட்சிகள் பக்கத்தில் நீங்கள் போடாத எதுவும் இருக்கிறதா? தொடக்கப் பக்கமோ தேடுபொறியோ தானாக மாறியிருக்கிறதா, மாற்றினாலும் திரும்ப வந்துவிடுகிறதா? மெனுவின் அடியில், இந்த உலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? அலுவலகக் கணினியில் அந்த வரி இருப்பது இயல்பு. வீட்டுக் கணினியில் இருந்தால், ஏதோ ஒரு நிரல் உலாவிக்குக் கட்டளை போட்டிருக்கிறது என்று பொருள். சில நல்ல வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களும் அப்படிச் செய்வதால், எது போட்டது என்று பார்க்க வேண்டும். திரையின் வலது மூலையில் அடிக்கடி எழும் விளம்பரங்களைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை வைரஸ் அல்ல, என்றோ ஒருநாள் "அனுமதி" என்ற பொத்தானை அழுத்தியதால் ஏதோ ஒரு தளம் அனுப்பும் அறிவித்தல்கள். தள அனுமதிகளில் அறிவித்தல்கள் என்ற பகுதிக்குப் போய் அந்தப் பெயரை நீக்கினால் நின்றுவிடும். உலாவியை விட்டு வெளியே வந்து டாஸ்க் மனேஜரைத் திறந்து, கணினி தொடங்கும்போது கூடவே தொடங்கும் நிரல்களின் பட்டியலையும் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமாக விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து, பாதுகாப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அதன் அமைப்புகளில் விலக்குகள் என்றொரு பட்டியல் இருக்கும். அதில் இருக்கும் கோப்புறைகளை விண்டோஸின் சொந்த வைரஸ் எதிர்ப்பான டிஃபென்டர் பரிசோதிக்காது. காசு கொடுத்து வாங்காத விண்டோஸையும் ஒஃபிஸையும் இயக்குவதற்கான கள்ள நிரல்களைப் போடும்போது, அவை தடைபடாமல் இருக்கச் சிலர் முழு சி பகுதியையுமே இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். வாசலில் காவலாளி நிற்பார், ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருக்கும். நான் பார்த்த வீட்டுக் கணினிகளில் உண்மையாகவே தீநிரல் இருந்தவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவும், கைமாறி வந்த பென் ட்ரைவும், காசு கொடுக்காமல் இயங்கும்படி உடைத்த போட்டோஷொப்பும்தான். அந்தப் பட்டியலை வெறுமையாக்கிவிட்டு, ஒருமுறை முழுப் பரிசோதனையும், அதன்பின் டிஃபென்டரின் ஒஃப்லைன் பரிசோதனையும் செய்யுங்கள். ஒஃப்லைன் பரிசோதனையில் கணினி தானாக மீளத் தொடங்கி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும்; அதனால் ஒளிந்துகொள்ளும் நிரல்களும் அகப்படும். ஏறத்தாழ 15 நிமிடம் எடுக்கும், மின்சாரம் நின்றுவிடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

குக்கிக்கும் உளவுமென்பொருளுக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அது உங்கள் சந்தேகத்துக்கு நேர் எதிரான திசையில் இருக்கிறது. குக்கி உளவுமென்பொருளைக் கொண்டுவருவதில்லை. உளவுமென்பொருள்தான் குக்கியைத் திருடுகிறது. நீங்கள் ஜிமெயிலுக்குள் ஒருமுறை நுழைந்தபின் மறுபடி கடவுச்சொல் கேட்காமல் இருப்பது, நுழைந்ததற்கு அடையாளமான குக்கி உங்களிடம் இருப்பதால்தான். அந்தக் குக்கியைப் பிரதி எடுத்துக்கொண்டவர் கடவுச்சொல்லும் இல்லாமல், கைத்தொலைபேசிக்கு வரும் இலக்கமும் இல்லாமல் உங்கள் கணக்கினுள் நுழைந்துவிடலாம். கிளினிக் கொப்பியைத் திருடியவர் உங்கள் பெயரில் மருந்து வாங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையே தொழிலாகச் செய்யும் ரெட்லைன், லும்மா போன்ற திருட்டு நிரல்கள் உடைத்த மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. இப்படித் திருடிய குக்கிகளை விற்ற ஜெனசிஸ் என்ற சந்தையை 2023 ஏப்ரலில் அமெரிக்க எஃப்பிஐயும் நெதர்லாந்துப் பொலிசாரும் பல நாடுகளுடன் சேர்ந்து முடக்கினார்கள். விண்டோஸ் கணினிகளில் குக்கிகளை வேறு நிரல்கள் வாசிப்பதைக் கடினமாக்கும் புதிய குறியாக்கத்தை 2024இல் குரோம் சேர்த்தது; திருடர்கள் அதையும் சுற்றிப்போக வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே பரிசோதனையில் உண்மையான தீநிரல் ஏதாவது அகப்பட்டால், கணினியைச் சுத்தமாக்குவது மட்டும் போதாது. சுத்தமான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற வசதியையும் அழுத்துங்கள். அப்போது திருடிய குக்கி செல்லாக்காசாகிவிடும். மகன் அனுப்பும் பணத்துக்கான வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறந்திருந்தால் வங்கிக்கும் அறிவியுங்கள். கணினி இன்னும் விண்டோஸ் 10இல் இருந்தால், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் எடுங்கள்.

ஒன்றும் அகப்படாவிட்டால், மூன்றாந்தரப்புக் குக்கிகளை மறித்துவிட்டு வழமைபோலப் பாவியுங்கள். எப்படியிருந்தாலும் இந்த வேலைகளில் எதையும் தொடங்குவதற்கு முன்பு, கணினியிலுள்ள குடும்பப் படங்களையும் பேத்தியின் பாடக் குறிப்புகளையும் ஒரு வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, அது இன்னொரு கருவியில் திறக்கிறதா என்று ஒரு படத்தையாவது திறந்து பார்த்து, பின்னர் அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். நீட்சிகள் பக்கம், தொடக்க நிரல்களின் பட்டியல், விலக்குகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினால், பெயர் பெயராகப் பார்த்து எது என்னவென்று சொல்கிறேன்.